பரணிலிருந்து இறங்கும் ரயில் என்ஜின்: சரி பண்ணலாமா, புதுசு வாங்கலாமா?

மாடல் ரயில்னு சொன்னா நம்ம ஊர்ல பாதிப் பேர் "பொம்மை ரயிலா?"னு கேப்பாங்க. பொம்மைதான். ஆனா மேல்மூடியைக் கழட்டிப் பாருங்க. ஒரு டி.சி. மோட்டார், ஒரு வார்ம் கியர், தண்டவாளத்துலேர்ந்து கரண்ட் எடுக்கற சக்கரம், அதுக்கு மேல எடைக்காக ஒரு உலோகக் கட்டி. எலக்ட்ரிகல் மெஷின்ஸ், மெட்டீரியல் சயின்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ்னு தனித்தனி செமஸ்டர்ல நாம படிச்சதெல்லாம் ஒரு சாண் நீளத்துல அடங்கிடுது.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு கேள்வியைப் பத்தியது. சின்ன வயசுலயோ, வேலைக்குப் போன புதுசுலயோ மாடல் ரயில் வாங்கி ஓட்டினவங்க, இருபது முப்பது வருஷம் கழிச்சுப் பெட்டியைத் திறக்கறாங்க. பழைய என்ஜின் ஓடலை, இல்லைன்னா திக்கித் திக்கி ஓடுது. அதைச் சரி பண்ணலாமா, உள்ளே இருக்கறதை மாத்தலாமா, இல்ல புது என்ஜினே வாங்கிடலாமா? தப்பா முடிவெடுத்தா ரெண்டு விதத்துல நஷ்டம். சரியா இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டு பணத்தைக் கொட்டுவோம். இல்லைன்னா செத்துப்போன ஒண்ணுக்கு வைத்தியம் பாத்து, திரும்பக் கிடைக்காத பாகத்தையும் உடைச்சுடுவோம்.

பெரிய ரயில் என்ன செய்யுது?

முதல்ல நிஜ ரயிலைப் பார்ப்போம். ஏன்னா இதே கேள்வி அவங்களுக்கும் வந்திருக்கு, மூணு விதமா பதில் சொல்லியிருக்காங்க.

முதல் பதில், உடம்பு பழசு, உள்ளே புதுசு. டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜினை ரயில் பிடிச்ச எல்லாரும் பார்த்திருப்பீங்க. 1962-ல் அமெரிக்காவோட ஆல்கோ கம்பெனிகிட்டேர்ந்து வந்து, 1964-லேர்ந்து வாரணாசியில கட்டின வகை அது. அதோட திறன் 2,600 குதிரைத்திறன். வயசானதும் அதையெல்லாம் உடைச்சுப் போட்டுடலை. பாட்டியாலா பணிமனையில பிரிச்சு, என்ஜினை மேம்படுத்தி, 3,100 குதிரைத்திறனோட டபிள்யூ.டி.எம்.-3ஏ ஆக்கி நிறைய என்ஜின்களைத் திருப்பி அனுப்பினாங்க.

இரண்டாவது பதில், டிசைன் பழசு, உலோகம் புதுசு. இது நம்ம பக்கத்துலயே நடந்தது, திருச்சி பொன்மலைப் பணிமனையில. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவுல பல்சக்கரத்தைப் பிடிச்சு ஏறுற நீலகிரி மலை ரயிலோட எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்ல செஞ்சவை. கடைசியா வந்தது 1952-ல். எத்தனை தடவைதான் ஒட்டுப் போடுறது? 2010-களில் பொன்மலையிலயே அதே வகையில எண்ணெயில ஓடற புது என்ஜின்களைக் கட்டினாங்க. 2021-ல் நிலக்கரியில ஓடற புது என்ஜினையும் கட்டி அனுப்பினாங்க.

மூணாவது பதில், ஓடினது போதும், காட்சிக்கு வை. இதுலயும் ஒரு பாடம் இருக்கு. 1855-ல் இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துல செஞ்ச ஈ.ஐ.ஆர்.-21 என்ஜின் பல வருஷம் காட்சிப் பொருளா நின்னது. அதை சென்னை பெரம்பூர்ல சீர்படுத்தி 2010-ல் மறுபடி ஓட வச்சாங்க. காட்சிக்கு வச்சிருந்ததாலதான் அது மிச்சம் இருந்தது. பழைய இரும்புக்குப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

இதிலேர்ந்து நமக்கு ஒரு விதி கிடைக்குது: திருப்ப முடியாத வேலையைக் கடைசியில செய். இந்த விதி கட்டுரை முழுக்க வரும்.

முப்பது வருஷத்துல என்ன மாறிச்சு?

திரும்பி வர்றவங்களைக் குழப்புறது மூணு மாற்றம்.

ஒண்ணு, மோட்டார். பழைய என்ஜின்ல திறந்த சட்ட மோட்டார் இருக்கும். காந்தமும் சுருளும் வெளியே தெரியும், கரண்ட் நிறைய இழுக்கும். இப்போ வர்றதுல பெரும்பாலும் மூடின டப்பா மோட்டார், ஐந்து துருவம், ஃப்ளைவீல் உண்டு. சிலதுல இரும்பு உள்ளீடே இல்லாத கோர்லெஸ் மோட்டார்.

ரெண்டு, சக்கரமும் தண்டவாளமும். பழைய சக்கரத்தோட விளிம்பு ஆழமா இருக்கும். தண்டவாளத்தோட உயரத்தை கோடு எண்ணால சொல்வாங்க. கோடு 100 என்றால் 0.100 அங்குலம், அதாவது 2.54 மி.மீ. இப்போ நிறையப் பேர் போடற கோடு 75-ல உயரம் 1.9 மி.மீ.தான். ஆழமான விளிம்பு அதுல கட்டைகளைத் தட்டிக்கிட்டே போகும்.

மூணு, டிஜிட்டல் கட்டுப்பாடு. சுருக்கமா டி.சி.சி. பழைய முறையில தண்டவாளத்துல 0-லேர்ந்து 12 வோல்ட் வரைக்கும் டி.சி. கொடுப்போம். வோல்டேஜ் கூடினா வேகம் கூடும், துருவத்தை மாத்தினா பின்னாடி போகும். ஒரே பாதையில ரெண்டு என்ஜின் நின்னா ரெண்டும் சேர்ந்துதான் ஓடும். 1980-களின் கடைசியில ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கின முறையை அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் பொதுத் தரமா எடுத்துக்கிச்சு. இதுல தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும், துருவம் மட்டும் மாறி மாறி வரும். அந்த மாற்றத்தோட நேரம்தான் செய்தி. அரைச் சுழற்சி 58 மைக்ரோ நொடி நீடிச்சா அது '1', 100 மைக்ரோ நொடி அல்லது அதுக்கு மேல நீடிச்சா '0'. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளயும் ஒரு டீகோடர் உக்காந்து, தன்னோட எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். டிஜிட்டல் கம்யூனிகேஷன் பாடத்துல படிச்ச ஃப்ரேம், முகவரி, பிழை சரிபார்ப்பு பைட் எல்லாம் இங்க உண்டு.

"பழசைத் தூக்கிப் போடு, எல்லாம் டிஜிட்டல் வாங்கு"ன்னு இணையத்துல கிடைக்கிற அறிவுரை இந்த மூணாவது மாற்றத்தால வர்றது. அது எப்பவும் சரி கிடையாது. ஏன்னு ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

கோட்டைப்பட்டினத்துல ரெண்டு என்ஜின்

எங்க ஊருக்கு ரயில் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் மீன்பிடித் துறைமுகமும்தான். ரயில் பார்க்கணும்னா அறந்தாங்கி போகணும். அங்கேயும் மீட்டர் கேஜ் போய், காரைக்குடி – திருவாரூர் அகலப்பாதை முழுசா ஓட ஆரம்பிச்சது 2019-ல்தான். ஆனா சிங்கப்பூர், மலேசியா சபராளிகள் ஊர் இது. அவங்க கொண்டுவந்த பெட்டிகள்ல என்னென்னமோ இருக்கும்.

எங்க மாமா சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்ப, 1980-களின் கடைசியில ரெண்டு என்ஜினும் ஒரு வட்டப்பாதையும் வாங்கிட்டு வந்தார். மகனுக்குன்னு பேரு, ஓட்டினது அவரேதான். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல பரண்ல. இப்போ ஊரோட வந்துட்டார், பேரன் ரயில் பைத்தியம். ஒரு விற்பனையாளர்கிட்ட கேட்டிருக்கார். "பழசு வேஸ்ட், டிஜிட்டல் செட்டா எடுத்துக்கோங்க"ன்னு ஒரு விலை சொல்லியிருக்காங்க. அவர் மாசம் வீட்டுச் செலவுக்கு வச்சிருக்கிற தொகையைவிட அது அதிகம். "மாப்ள, நீ இன்ஜினியரிங்குதானே படிக்கிற? இது ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லு"ன்னார்.

ரெண்டும் 1:76 அளவுல, 16.5 மி.மீ. தண்டவாளத்துல ஓடறது. ஒண்ணு ஆறு சக்கர டேங்க் நீராவி என்ஜின். இன்னொண்ணு நீளமான டீசல். இதை வச்சே படிப்படியா போவோம்.

படி 1: கரண்ட் கொடுக்காதே, பார்

பெட்டியிலேர்ந்து எடுத்ததும் பிளக்குல சொருகிப் பார்க்கணும்னு கை துறுதுறுங்கும். கூடாது. முதல்ல பழைய பவர் யூனிட்டைப் பாருங்க. அதுக்குள்ள 230 வோல்ட் வருது. ஒயரோட ரப்பர் வெடிச்சிருந்தாலோ, பிசுபிசுன்னு இருந்தாலோ அதை ஓரமா வச்சுடுங்க. அமெரிக்காவுலேர்ந்து வந்ததா இருந்தா 120 வோல்ட்டுக்குச் செஞ்சது, நம்ம வீட்டுல போட்டா எரிஞ்சே போகும். தரமான 12 வோல்ட் அடாப்டர் இப்போ எங்கேயும் கிடைக்குது. சின்னப் பிள்ளை கை வைக்கிற பொருள் இது, இந்த இடத்துல சிக்கனம் பார்க்காதீங்க.

அடுத்து உலோகம். பழைய மாடல்களோட அடிச்சட்டம் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில வார்த்தது. வார்க்கும்போது ஈயம் மாதிரி அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தா, வருஷங்கள் போகப் போக உலோகத் துகள்களோட எல்லையிலேயே அரிப்பு ஓடும். இதுக்கு துத்தநாகப் பிளேக்னு பேரு. கட்டி லேசா வீங்கும், வளையும், மயிரிழை விரிசல் விடும், கடைசியில பிஸ்கட் மாதிரி உதிரும். ஈரமும் சூடும் இதை வேகப்படுத்தும். கடற்கரை ஊர்ப் பரணைவிட அதுக்குத் தோதான இடம் ஏது?

எங்க ஊர்ல இரும்பு போட்டுக்கு அடியில துத்தநாகக் கட்டி மாட்டுவாங்க, அதுவும் கரையும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. போட்டுல கரையறது இரும்பைக் காப்பாத்த வேணும்னே பலி கொடுக்கறது, மேல்பரப்புலேர்ந்து கரையும். இது உள்ளேயிருந்து வர்ற நோய். மேல பெயின்ட் அடிச்சாலும் பசை போட்டாலும் நிக்காது, மருந்தே கிடையாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு இரும்பு ஸ்கேலை அடிச்சட்டத்தோட ஒட்டி வச்சு வெளிச்சத்துல பாருங்க. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வளைஞ்சிருக்கு. விரிசல் இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. மாமாவோட டேங்க் என்ஜின் நேரா இருந்தது. டீசல்ல மோட்டாரைத் தாங்கற காதே உடைஞ்சு, தட்டினா பொடி கொட்டிச்சு. அந்த என்ஜினோட சட்டத்துக்கு அங்கேயே முடிவு தெரிஞ்சுபோச்சு.

கடைசியா பிளாஸ்டிக்கும் ரப்பரும். அச்சுல இறுக்கமா ஏத்தின பிளாஸ்டிக் கியர் காலப்போக்குல பிளக்கும். ஓடும்போது ஒவ்வொரு சுத்துக்கும் "டக் டக்"னு சத்தம் வந்தா அதுதான். பிடிமானத்துக்காகச் சக்கரத்துல போட்டிருக்கிற ரப்பர் வளையம் கல்லாட்டம் ஆகியிருக்கும். இது ரெண்டும் உதிரி பாகமா வாங்கி மாத்தக்கூடியவை, பயப்பட வேண்டாம்.

படி 2: சுத்தம்

ஓடாத பழைய என்ஜின்கள்ல நிறைய, அழுக்காலயே ஓடாம நிக்குது. இருபது வருஷ எண்ணெய் கோந்து மாதிரி இறுகியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில தொட்டு பேரிங், கியர், கம்யூட்டேட்டர் எல்லாத்தையும் துடைங்க. பெயின்ட் மேல படாம பாத்துக்கணும், எழுத்து அழிஞ்சுடும். கம்யூட்டேட்டரோட செப்புத் துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்தை ஒரு மரக் குச்சியால நோண்டி எடுங்க. அங்க அடைஞ்சிருக்கிற கார்பன் தூள் கரண்டைக் குறுக்கு வழியில விடும்.

எண்ணெய் விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை. வீட்டுல இருக்கற தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாள்பட்டா பிசினாகும். துரு எடுக்கற ஸ்ப்ரேயும் மோட்டாருக்குள்ள அடிக்கக் கூடாது. உலோக பேரிங்குக்கு ஊசி முனையில ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பிளாஸ்டிக் கியருக்கு, பிளாஸ்டிக்குக்கு ஆகும்னு போட்டிருக்கிற கிரீஸ். அவ்வளவுதான்.

தண்டவாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. அந்தக் கீறல்கள்லயே மறுபடி அழுக்கு சேரும். ஆல்கஹால் நனைச்ச துணி போதும். எங்க பக்கத்து உப்புக் காத்துல இரும்புத் தண்டவாளம் சீக்கிரம் துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். நிக்கல் சில்வர் மெதுவாத்தான் கறுக்கும். பேர்ல வெள்ளி இருக்கே தவிர அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, வெள்ளி துளிகூடக் கிடையாது. பாதையை மாத்தறதா இருந்தா அதுக்கே போங்க.

இங்க ஒரு சின்ன ரகசியம். பழைய திறந்த மோட்டாரோட காந்தத்தைச் சுத்தம் பண்றேன்னு கழட்டாதீங்க. அந்தக் காலத்து அல்நிகோ காந்தம், தன்னைச் சுத்தியிருக்கிற இரும்புப் பாதையைவிட்டு வெளியே வந்தா பலம் இழந்துடும்.

படி 3: அளந்து பார்

இப்போ மல்டிமீட்டரை எடுங்க. மூணு அளவு போதும்.

முதல் அளவு, சுருளோட மின்தடை. மூணு துருவ மோட்டார்ல கம்யூட்டேட்டர்ல மூணு துண்டு இருக்கும். ரெண்டு ரெண்டா மூணு ஜோடியையும் அளந்தா ஒரே எண் வரணும். ஒண்ணு மட்டும் வேறயா இருந்தா அந்தச் சுருள் அறுந்திருக்கு, இல்ல உள்ளுக்குள்ள ஒட்டியிருக்கு. மாமாவோட டேங்க் என்ஜின்ல மூணு ஜோடியும் 9 ஓம். அதாவது மோட்டார் நல்லா இருக்கு.

இரண்டாவது அளவு, ஸ்டால் கரண்ட். சக்கரத்தைக் கையால பிடிச்சு நிறுத்தி, 12 வோல்ட் கொடுத்து, ஒரு ரெண்டு நொடிக்குள்ள அம்மீட்டரைப் படிங்க. அதுக்கு மேல பிடிக்காதீங்க, சுருள் சூடாகும். மோட்டார் நிக்கும்போது எதிர் மின்னியக்கு விசை பூஜ்யம். அதனால கரண்டைத் தடுக்கிறது மின்தடை மட்டும்தான். 12-ஐ 9-ஆல் வகுத்தா 1.33 ஆம்பியர். பிரஷ், ஒயரோட தடையும் சேர்றதால நிஜத்துல 1.2 ஆம்பியர் வந்தது. தியரியும் நிஜமும் இவ்வளவு கிட்ட வந்தா லேப்ல கூட நாம சந்தேகப்படுவோம்!

மூணாவது அளவு, சும்மா ஓடும்போது இழுக்கிற கரண்ட். சுத்தம் பண்றதுக்கு முன்னாடி 0.55 ஆம்பியர், பின்னாடி 0.28. பாதி கரண்ட் கோந்தை அரைக்கத்தான் போயிருக்கு.

சுத்தம் பண்ணின பிறகும் கரண்ட் அதிகமா இருந்து, வேகமும் வழக்கத்தைவிட அதிகமா இருந்து, ஆனா ரெண்டு பெட்டி மாட்டினா இழுக்க மாட்டேங்குதுன்னா? அது காந்தம் பலவீனமான அறிகுறி. காந்தப் பாயம் குறைஞ்சா அதே எதிர் வோல்டேஜை எட்ட மோட்டார் இன்னும் வேகமா சுத்தணும். அதே திருப்பு விசைக்கு இன்னும் கரண்ட் வேணும். டி.சி. மோட்டார் சமன்பாட்டை மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அது இதுதான். தீர்வு, அந்த இடத்துல உக்கார்ற மாதிரி ஒரு நியோடிமியம் காந்தம்.

படி 4: டிஜிட்டல் ஆக்கணுமா?

டீகோடர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு தேர்வுல பாஸ் ஆகணும்.

ஒண்ணு, ஸ்டால் கரண்ட் டீகோடரோட அளவுக்குள்ள இருக்கணும். இந்த அளவு என்ஜினுக்கான சாதாரண டீகோடர் தொடர்ச்சியா 1 ஆம்பியர், உச்சத்துல 2 ஆம்பியர் வரைக்கும் தாங்கும். 1.2 ஆம்பியர் ஸ்டால், 0.28 ஓட்டம்னா பாஸ். 2 ஆம்பியரைத் தாண்டின பழைய மோட்டாருக்கு டீகோடரை வாங்கிப் போட்டா காசைக் கொளுத்தின மாதிரிதான்.

ரெண்டு, மோட்டாரோட ரெண்டு பிரஷ்ஷும் அடிச்சட்டத்தோட எந்தத் தொடர்பும் இல்லாம தனியா இருக்கணும். பழைய என்ஜின்கள்ல ஒரு பிரஷ் நேரா சட்டத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கும், சட்டமே ஒயர். டி.சி.யில பிரச்சினை இல்ல. டீகோடரை அப்படி மாட்டினா முதல் நொடியிலேயே காலி. மீட்டரை பீப் நிலையில வச்சு, ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் நடுவுல பாருங்க. பீப் சத்தம் எங்கேயும் வரக் கூடாது.

ஒயர்களுக்கு நிறத் தரம் உண்டு. சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் பொது நேர்முனை. ரேடியோ இரைச்சலைக் குறைக்க மோட்டாருக்குக் குறுக்கே போட்டிருக்கிற பழைய கப்பாசிட்டரை எடுத்துடுங்க. இல்லைன்னா டீகோடர் மோட்டாரோட வேகத்தை அளக்கறப்ப குழம்பும். புது டீகோடரோட முகவரி 3-ன்னு இருக்கும். உங்க எண்ணை சி.வி. 1-ல எழுதணும்.

சரி, டேங்க் என்ஜின் பாஸ். அப்போ டிஜிட்டல் ஆக்கினோமா? இல்ல. காரணம் கணக்கு. டீகோடர் மட்டும் போதாது, கட்டளை அனுப்பற நிலையமும் வேணும், செலவுல பெரிய பங்கு அதுதான். டி.சி.சி.யோட பலன் ஒரே பாதையில பல என்ஜின்களைத் தனித்தனியா ஓட்டும்போதுதான் வரும். மாமாகிட்ட இருக்கறது ஒரு வட்டப்பாதை, ஓடப்போறது ஒரு என்ஜின். அவருக்கு டிஜிட்டல் தர்றதுல பாதியை ஒரு நல்ல வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே தரும்.

அதை நாமளே செய்யலாம். 12 வோல்ட் அடாப்டர், ஒரு ஈ.எஸ்.பி.32 போர்டு, ஒரு டி.பி.6612 மோட்டார் டிரைவர், ஒரு திருகு குமிழ். அந்த டிரைவர் தொடர்ச்சியா 1.2 ஆம்பியர் தாங்கும், ஓட்டத்துக்குத் தாராளம். தடம் புரண்டு ஷார்ட் ஆனா காப்பாத்த, வெளியே போற ஒயர்ல 1 ஆம்பியர் ரீசெட் ஆகற ஃப்யூஸ் ஒண்ணு. பி.டபிள்யூ.எம். துடிப்பு கொடுத்தா மெதுவான வேகத்துல கூட மோட்டாருக்கு முழு வோல்டேஜ் துண்டு துண்டாப் போகும், அதனால நிலைய உராய்வைத் தாண்டி நகரும். பழைய மோட்டாருக்குக் குறைஞ்ச அதிர்வெண்ணே போதும், கொஞ்சம் உறுமும். கோர்லெஸ் மோட்டாருக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்துல போங்க, இல்லைன்னா சூடாகும். இதே காரணத்துக்காக டீகோடர் இல்லாத கோர்லெஸ் என்ஜினை டி.சி.சி. தண்டவாளத்துல வைக்கவே கூடாது.

நாளைக்கு ரெண்டாவது என்ஜின் வந்து டிஜிட்டல் ஆசை வந்தாலும் வழி இருக்கு. ஆர்டுயினோ மெகாவும் ஒரு மோட்டார் ஷீல்டும் வச்சு ஓடற டி.சி.சி.-ஈ.எக்ஸ். என்கிற திறந்த மென்பொருள் இலவசம். ஃபைனல் இயர் மினி புராஜெக்ட் தேடறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

உடைஞ்ச டீசல் என்ன ஆச்சு?

அடிச்சட்டம் செத்தாலும் மேல்மூடி பிளாஸ்டிக், அது புதுசு மாதிரி இருந்தது. இங்க மூணு வழி. அதே சக்கர இடைவெளியுள்ள வேற ஓடற சட்டத்தைத் தேடி வாங்கி மூடியை மாட்டலாம், பாட்டியாலா வழி. அதே மாடலோட புதுப் பதிப்பு வாங்கலாம், பொன்மலை வழி. ஷோகேஸ்ல வைக்கலாம்.

நாங்க நாலாவதா ஒண்ணு செஞ்சோம். மூடியோட உள்ளளவை எடுத்து, காலேஜ் முப்பரிமாண அச்சு இயந்திரத்துல ஒரு எளிய சட்டம் அச்சிட்டு, பழைய சக்கரங்களை அதுல மாட்டி, மோட்டார் இல்லாத டம்மி ஆக்கிட்டோம். டேங்க் என்ஜினோட கோத்தா ரெட்டை என்ஜின் மாதிரி ஓடும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்துலயே இளகும், நம்ம ஊர் மே மாசப் பரண்ல வளையும். அதனால பி.இ.டி.ஜி. எடுத்தோம். மூடியில ஒரு துளைகூடப் போடலை, வெட்டலை. நாளைக்குச் சரியான சட்டம் கிடைச்சா நாலு கொக்கியைத் தள்ளி மாத்திக்கலாம். மேல சொன்ன விதி ஞாபகம் இருக்கா?

அப்போ எப்போதான் புதுசு வாங்கறது?

இந்த நாலுல ஒண்ணு இருந்தா வாங்குங்க:

1. அடிச்சட்டத்துக்கு துத்தநாகப் பிளேக் வந்திருக்கு, மாத்துச் சட்டமும் கிடைக்கலை.
2. சுருள் அறுந்து, உதிரி மோட்டாரும் இல்ல. இதுக்கு முன்னாடி பக்கத்து வைண்டிங் கடையில ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவ்வளவு சன்னக் கம்பி சுத்தறவங்க இன்னும் இருக்காங்க.
3. பல என்ஜின் ஓடற பெரிய பாதை கட்டப் போறீங்க, ஆனா பழைய மோட்டாரோட ஸ்டால் கரண்ட் டீகோடருக்கு மேல.
4. உங்களுக்கு வேண்டியது பழைய நினைவு இல்ல, நுணுக்கமான உருவமும் சத்தமும்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: முதல்ல அளவு. 1:87-ம் 1:76-ம் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்துல ஓடும், ஆனா பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா அண்ணன் தம்பி மாதிரி தெரியும். அடுத்து வளைவு. பழைய செட்டுகளோட சின்ன வட்டத்துக்கு 371 மி.மீ. ஆரம், இப்போ வர்ற நீளமான என்ஜின்கள் நிறையவற்றுக்குக் குறைஞ்சது 438 மி.மீ. வேணும். இதைப் பார்க்காம வாங்கினா என்ஜின் அழகா பெட்டியிலயே இருக்கும். அப்புறம் டீகோடர் சாக்கெட். இப்போ டிஜிட்டல் வேண்டாம்னாலும் 8 ஊசியோ 21 ஊசியோ சாக்கெட் உள்ளதா எடுங்க. வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

இந்திய ரயில் மாடல் தேடறவங்களுக்கு ஒரு கணக்கு. நம்ம அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தா 19.3 மி.மீ. ஆனா கிடைக்கிற தண்டவாளம் 16.5. அதனால 1:87 அளவுல வர்ற இந்திய என்ஜின்கள், கண்டிப்பாப் பார்த்தா கொஞ்சம் ஒடுங்கின பாதையிலதான் ஓடுது. பழைய அறந்தாங்கி மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தா 11.5. அது 12 மி.மீ. பாதைக்கு ரொம்பக் கிட்ட. மீட்டர் கேஜ் மாடல் கட்ட ஆசைப்படறவங்களுக்கு இயற்கையே ஒரு சலுகை கொடுத்திருக்கு.

மாமாவோட கணக்கு கடைசியா இப்படி முடிஞ்சது: ரப்பர் வளையம், அடாப்டர், போர்டு, டிரைவர், கிரீஸ், ஆல்கஹால், கொஞ்சம் நிக்கல் சில்வர் தண்டவாளம். அந்த டிஜிட்டல் செட்டுக்குச் சொன்ன விலைல இது பத்துல ஒரு பங்குகூட வரலை. மிச்சப் பணம் அவர்கிட்டயே இருக்கு.

ஓட ஆரம்பிச்ச என்ஜினை மறுபடி பரண்ல ஏத்தாதீங்க. மூடி இறுக்கமான டப்பாவுல, சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு, வீட்டோட குளிர்ச்சியான அறையில வைங்க. கடற்கரை ஊரா இருந்தா பொட்டலத்தை அடிக்கடி மாத்துங்க. மாசம் ஒரு தடவை பத்து நிமிஷம், ரெண்டு திசையிலயும் ஓட்டுங்க. எண்ணெய் இறுகாது, பிரஷ் ஒட்டாது. உங்க வீட்டுப் பரண்லயும், உங்க தாத்தா மாமா வீட்டுப் பரண்லயும் என்ன இருக்குன்னு இந்த லீவுல ஒரு தடவை ஏறிப் பாருங்க. ஏறும்போது மல்டிமீட்டரையும் எடுத்துக்கோங்க, பிளக்கை அப்புறம் பார்த்துக்கலாம்.